ப்ராசஸரை எப்போது மாற்றலாம்? அளந்து பார்த்து முடிவெடுக்கும் வழி

கணினி மந்தமாகிவிட்டது என்றதும் பலரும் முதலில் குறை சொல்வது, கணக்கிடும் மையச் சிப்பான ப்ராசஸரைத்தான் (சிபியு). "ஏழு வருஷத்து மாடல் சார், இனிமே தாங்காது" என்று கடையிலும் சொல்லிவிடுவார்கள். வயதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. 2017-ல் வந்த ஆறு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) ப்ராசஸர் இன்றும் கணக்கு எழுதவும், உலாவவும், ஃபோட்டோ திருத்தவும் தாராளமாகப் போதும். போன வருடம் வாங்கிய லேப்டாப் நாலு டேப் திறந்தாலே திணறவும் செய்யலாம்.

பார்க்க வேண்டியவை இரண்டு. நீங்கள் காத்திருக்கும் அந்த நேரத்தில் கணினிக்குள் முழுச் சுமையில் ஓடுவது ப்ராசஸர்தானா? ஆம் என்றால், இருக்கிற மதர்போர்டிலேயே (பாகங்கள் எல்லாம் பொருந்தும் பலகை) அதைவிட நல்ல ப்ராசஸர் ஒன்று உட்காருமா? இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால், கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பலன் தருவது குறைவு. முதல் கேள்விக்கு இல்லை என்றால் பணம் வேறு பாகத்துக்குப் போக வேண்டும். இரண்டாவதற்கு இல்லை என்றால் நீங்கள் யோசிப்பது ப்ராசஸர் மாற்றுவதைப் பற்றி அல்ல, புதுக் கணினி வாங்குவதைப் பற்றி. அதற்கான கணக்கே வேறு.

எது காக்க வைக்கிறது?

உங்களைக் காக்க வைக்கும் அதே வேலையை ஓட விடுங்கள். வீடியோ எக்ஸ்போர்ட், பெரிய எக்செல் கோப்பு, கேம், எதுவானாலும் சரி. அது ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சிபியு 10 சதவீதம் என்று காட்டினால் ப்ராசஸர் சும்மா இருப்பதாக நினைத்துவிடுகிறோம். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (கோர் ஒரே நேரத்தில் கையாளும் வேலைச் சரம்) உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8.3 சதவீதம்தான். வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் ப்ராசஸர் வாரியாக, அதாவது த்ரெட்டுக்கு ஒரு கட்டமாக, பிரித்துப் பார்க்கலாம். ஆனால் விண்டோஸ் அந்த ஒரு த்ரெட்டை ஒரு கோரிலேயே வைத்திருப்பதில்லை, கோர் விட்டு கோர் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் எந்தக் கட்டமும் 100-ஐத் தொடாமல், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஓடுவது போலத் தெரியும். மொத்த அளவு 8 முதல் 12 சதவீதத்துக்குள் ஆடாமல் அசையாமல் நின்று, அந்த நேரம் முழுக்க நிரலும் பதில் தராமல் இருந்தால், ஒற்றை த்ரெட் வேகத்தில் முட்டி நிற்கிறது என்று பொருள். அந்த வேலைக்கு எட்டு கோர், பதினாறு கோர் வாங்கிப் போட்டால் ஒரு நொடிகூடக் குறையாது. ஒவ்வொரு கோரும் தனியாக வேகமாக இருக்கும் புதிய தலைமுறைதான் உதவும். எக்செலில் எழுதிய விபிஏ மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) இந்த வகை. சாதாரண ஃபார்முலாக்களை எக்செல் 2007 முதல் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, மேக்ரோ மட்டும் ஒற்றைத் த்ரெட்டிலேயே ஓடும்.

கேம் என்றால் சோதனை இன்னும் எளிது. ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். நொடிக்கு வரும் ஃபிரேம்கள் கணிசமாக ஏறினால் தடை கிராஃபிக்ஸ் கார்டில். அப்படியே நின்றால் ப்ராசஸரில். கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நிலையாக நிற்கும் கேமில் ப்ராசஸரை மாற்றுவது வீண். இரண்டு மாடல் பெயரைக் கொடுத்தால் "உங்கள் பாட்டில்நெக் (தடை) 17 சதவீதம்" என்று சொல்லும் இணையதளங்களை நம்ப வேண்டாம். கேமும் ரெசல்யூஷனும் செட்டிங்கும் மாறினால் விடையே மாறும் ஒன்றை, ஒரே எண்ணில் சொல்ல முடியாது.

ப்ராசஸர் மேல் வீணாக விழும் பழி

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் ஓடும் கணினிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும், கீழே வேகம் நொடிக்கு 1 அல்லது 2 எம்பி என்று இருக்கும். முரணாகத் தெரிந்தாலும் இதுதான் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பு. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி ஊசி முன்னும் பின்னும் ஓடுவதிலேயே நேரம் போய்விடுகிறது, படிப்பதற்கு நேரமில்லை. நொடிக்கு நூற்றுச் சொச்சம் தேடல்தான் அதற்கு முடியும். ஊசியே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் செய்யும். இந்த நிலையில் உள்ள கணினிக்கு எந்த ப்ராசஸரும் மருந்தில்லை.

அடுத்தது ராம், அதாவது தற்காலிக நினைவகம். 8 ஜிபி உள்ள கணினியில் மெமரி பக்கத்தைத் திறந்தால் "கமிட்டெட்" என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், பொருத்தியுள்ள ராமைவிட எப்போதும் அதிகமாகவே நின்றால், விண்டோஸ் டிஸ்க்கை ராமாகப் பயன்படுத்த வேண்டிய நெருக்கடியில் இருக்கிறது. டேப் மாறும்போது வரும் அந்த இரண்டு நொடித் தயக்கம் பெரும்பாலும் இதுதான். இன்றைய நிலையில் 16 ஜிபிக்குக் குறைந்து வைத்துக்கொண்டு ப்ராசஸரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்த 16-ஐயும் ஒரே ஸ்டிக்காகப் போடாமல் இரண்டு 8-ஆகப் போட வேண்டும். டிடிஆர்4-3200 வகை ராம் ஒரு சேனலுக்கு (ப்ராசஸரோடு இணைக்கும் பாதை) நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனல் என்றால் 51.2. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை நம்பும் கணினியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் ஜோடி. பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் செருகி ஒரே சேனலில் ஓட விட்டிருக்கும் கணினிகள் ஏராளம்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் நிரல்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு, போடாமல் விட்டிருப்பதும் அதே அளவு பரவலான குறை. 3200 என்று எழுதி விற்ற பல ஸ்டிக்குகள் அதைப் போடாவிட்டால் 2133-லோ 2400-லோ 2666-லோதான் ஓடும். ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர்களில் கோர்களை இணைக்கும் உள்பாதையின் வேகமும் ராமின் வேகத்தோடு கட்டப்பட்டது என்பதால் இழப்பு இரட்டிப்பு. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே ஓடும் வேகம் தெரியும். ஐந்து நிமிட வேலை, காசும் செலவில்லை.

வெப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சூடு எல்லை தாண்டினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெலின் பெரும்பாலான டெஸ்க்டாப் மாடல்களுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ், ரைசன் 5000 வரிசைக்கு மாடலைப் பொறுத்து 90 அல்லது 95. ஐந்தாறு வருடம் திறக்காத கணினியில், ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, கூலரின் துடுப்புகளுக்கு நடுவே தூசி கம்பளமாகப் படிந்திருக்கும். மே மாதத்தில் அறையே 35 டிகிரியில் இருக்கும் ஊர்களில், ஏசி அறையில் 25-ல் ஓடும் அதே கணினியைவிட ப்ராசஸர் கிட்டத்தட்ட பத்து டிகிரி கூடுதலாகவே நிற்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச நிரலில் "தெர்மல் த்ராட்லிங்" என்ற வரி "யெஸ்" என்று மாறினால் விஷயம் தெளிவு.

இவை எல்லாவற்றையும் ஒரே சோதனையில் வடிகட்ட ஒரு வழி உண்டு. ப்ராசஸர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 நிரலைப் பத்து நிமிடம் ஓட விட்டு, வரும் மதிப்பெண்ணை அதே மாடலுக்கு மற்றவர்கள் வெளியிட்டிருக்கும் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். 5 சதவீதம் முன்னே பின்னே இருப்பது இயல்பு. 15, 20 சதவீதம் குறைந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ப்ராசஸரே உங்களுக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. சூடு, பவர் செட்டிங், மதர்போர்டின் மின்வழங்கல் இவற்றில் ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

கோர் கூடினால் எவ்வளவு கூடும்?

அளந்து பார்த்தாயிற்று, ப்ராசஸர்தான் தடை என்று உறுதியாயிற்று. அப்படியானால் எதை எதிர்பார்க்கலாம்? 1967-ல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதம் இன்றும் அப்படியே பொருந்துகிறது. ஒரு வேலையில் 80 சதவீதத்தைப் பல கோர்களுக்குப் பிரிக்கலாம், 20 சதவீதம் வரிசையாகத்தான் நடக்க வேண்டும் என்று வையுங்கள். ஆறு கோர் போட்டால் ஒரு கோரைவிட 3 மடங்கு வேகம் கிடைக்கும். பன்னிரண்டாக்கினால் 6 மடங்கு அல்ல, 3.75 மடங்குதான். கோரை இரட்டிப்பாக்கியதில் கிடைத்தது 25 சதவீதம். பிளெண்டர் ரெண்டரிங், பெரிய நிரல் தொகுப்பு, கோப்புச் சுருக்கம் போன்றவற்றில் பிரிக்க முடிந்த பங்கு மிக அதிகம் என்பதால் கோர் கூடக் கூடப் பலன் உண்டு. ஃபோட்டோஷாப், சாதாரண அலுவலக வேலை, பெரும்பாலான கேம்களில் அப்படி இல்லை.

ஒட்டுமொத்தமாக 25, 30 சதவீதத்துக்குக் குறைந்த முன்னேற்றத்தைக் கை உணராது. மூன்று நொடியில் திறந்தது இரண்டரை நொடியில் திறந்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். நீண்ட வேலைகளுக்குக் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு 45 நிமிட எக்ஸ்போர்ட் இரண்டு செய்பவருக்கு ஒன்றரை மடங்கு வேகம் என்பது தினமும் அரை மணி நேரம். அதே எக்ஸ்போர்ட்டை இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு அது எதுவுமே இல்லை.

வீடியோ எடிட்டர்கள் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சோனியின் புதிய மிரர்லெஸ் கேமராக்கள் தரும் எக்ஸ்ஏவிசி எச்எஸ் கோப்பில் 4:2:2 10-பிட் எச்.265 காட்சி (நிறத் தகவல் கூடுதலாக உள்ள சுருக்க வடிவம்) இருந்தால், டைம்லைன் ஒவ்வொரு அசைவுக்கும் திணறும். காரணம் கோர் குறைவல்ல. அந்த வகையை வன்பொருளிலேயே பிரித்துப் படிக்கும் பகுதி கணினியில் இல்லாததால் கோர்கள் அந்த வேலையை மென்பொருள் வழியே செய்து களைக்கின்றன. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் 11-ஆம் தலைமுறை முதல் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் அந்தப் பகுதி இருக்கிறது. மாடல் பெயரின் கடைசியில் "எஃப்" இருந்தால் உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது, ஆகவே இதுவும் கிடையாது. என்விடியா இதை 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 கிராஃபிக்ஸ் கார்டு வரிசையில்தான் சேர்த்தது. இந்த ஒரு வேலைக்காக மட்டும் பார்த்தால், விலை கூடிய பல கோர் ப்ராசஸரைவிட எஃப் இல்லாத நடுத்தர இன்டெல் ஒன்று மென்மையாக ஓடும். மாற்றாமலே சமாளிக்கவும் வழி உண்டு: காட்சிகளுக்கு ப்ராக்ஸி (எடை குறைந்த நகல்) உருவாக்கிக்கொண்டு எடிட் செய்வது. அதற்குச் செலவு டிஸ்க்கில் கொஞ்சம் இடமும் ஒரு காபி நேரமும்தான்.

போர்டில் என்ன உட்காரும்?

மதர்போர்டை மாற்றாமல் ப்ராசஸரை மட்டும் மாற்றுவதில் பலன் தெளிவாகத் தெரிவது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் ப்ராசஸர் அமரும் இடம்). 2017 மார்ச்சில் முதல் ரைசன் வந்த அதே சாக்கெட்டில் 2020-ல் ரைசன் 5000 வரிசையும், 2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டியும், 2024 ஜனவரியில் 5700எக்ஸ்3டியும் வந்தன. ரைசன் 5 1600 வைத்திருப்பவர் ரைசன் 5 5600-க்குப் போனால் இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், இரண்டும் 65 வாட். ஆனாலும் ஒற்றைத் த்ரெட்டிலும் எல்லாம் சேர்ந்தும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகம். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவது ஏன் தவறு என்பதற்கு இதுவே போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 5 5500 என்ற மாடல் 5600-க்கு ஒரு படி கீழ் என்று தோன்றும், விலையும் குறைவு. அது வேறு சிப். எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி, கிராஃபிக்ஸ் கார்டு போன்றவற்றுக்கான வேகப் பாதையான பிசிஐஇ 4.0-வும் இல்லை. 5600ஜி-யிலும் அதே 16 எம்பிதான், அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் உண்டு என்பது மட்டும் ஆறுதல். கேம் ஆடுபவர் விலை வித்தியாசத்துக்காக 5500-ஐ எடுப்பது தவறான சிக்கனம். கேஷ் எவ்வளவு முக்கியம் என்பதை மறுமுனையில் 5700எக்ஸ்3டி காட்டுகிறது. அதன் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், 5700எக்ஸ்-க்கோ 4.6. கோர் இரண்டிலும் எட்டு. இருந்தும் ப்ராசஸர் தடையாக நிற்கும் கேம்களில் 96 எம்பி கேஷ் உள்ள 3டி மாடல்தான் முந்துகிறது. தேடும் தரவு ராம் வரை போகாமல் அருகிலேயே கிடைத்துவிடுவதுதான் காரணம். ரெண்டரிங், எக்ஸ்போர்ட் வேலைகளில் இந்த அனுகூலம் மறைந்து, கிகாஹெர்ட்ஸ் கூடிய 5700எக்ஸ் முன்னே வரும். கேமுக்கு ஒன்று, வேலைக்கு வேறொன்று.

பழைய ரைசனோடு புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கத் திட்டமிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 கார்டின் டிரைவர் வந்த புதிதில் ப்ராசஸரிடம் அதிகம் வேலை வாங்கியது. ரைசன் 5 2600 போன்றவற்றோடு அதைப் பொருத்தியபோது எதிர்பார்த்த வேகம் வரவில்லை என்பது சோதனைகளில் வெளிப்பட்டது. அந்தக் கார்டு என்றால் ப்ராசஸரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இன்டெல் பக்கம் வாய்ப்பு குறைவு. எல்ஜிஏ1151 என்ற ஒரே சாக்கெட் பெயரில் 6, 7-ஆம் தலைமுறைகளும் வந்தன, 8, 9-ஆம் தலைமுறைகளும் வந்தன. துளை ஒன்றாகத் தெரிந்தாலும் மின்னிணைப்பு வேறு. 100, 200 வரிசை போர்டில் 8-ஆம் தலைமுறை ஓடாது. எல்ஜிஏ1200-ல் 10-ஆம், 11-ஆம் தலைமுறைகள் உண்டு, ஆனால் எச்410, பி460 சிப்செட்டுகளுக்கு (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) 11-ஆம் தலைமுறை ஆதரவு இல்லை. எல்ஜிஏ1700 பரவாயில்லை, 12, 13, 14 மூன்று தலைமுறைகளும் அமரும். ஐ3-12100 வைத்திருப்பவருக்கு மேலே போக நிறைய இடம் இருக்கிறது. ஆனால் போர்டின் மின்சுற்று அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். ஐ7-14700-ன் அட்டையில் 65 வாட் என்று இருக்கும், உச்சத்தில் அது 219 வாட் வரை இழுக்கும். ஹீட்சிங்க் கூட இல்லாத மின்சுற்று உள்ள எச்610 போர்டில் அதைப் பொருத்தினால் ஓடும், கொடுத்த காசுக்கான வேகம் மட்டும் வராது. மின்சுற்று கொதித்ததும் போர்டே வேகத்தைக் குறைத்துவிடும். ஏஎம்4-ல் ஏ320 போர்டுகளுக்கும் இதே எச்சரிக்கை. அவற்றில் 65 வாட் மாடல்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

13, 14-ஆம் தலைமுறை இன்டெலைப் பழையதாக வாங்குவதில் எச்சரிக்கை தேவை. அவற்றில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் மாடல்கள் அதிக மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைகுலையும் சிக்கலை இன்டெல் 2024-ல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் முதல் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள்நிரல்) திருத்தங்களை வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் புதிய சேதத்தைத் தடுக்கும், நடந்த சேதத்தை மீட்காது. எத்தனை மாதம் பழைய பயாஸில் ஓடியது என்று தெரியாத சிப்பை வாங்காமல் இருப்பதே மேல்.

கணினிப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய ஏஎம்4 சிப் வாங்கும்போது 1331 ஊசிகளையும் வெளிச்சத்தில் சாய்த்து, வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு வரிசை மற்றவற்றோடு நேர்கோட்டில் இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும். "ப்ரோ" என்று பெயரில் உள்ள ரைசன்கள் மலிவாகக் கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். பிராண்டட் அலுவலகக் கணினியிலிருந்து கழற்றியவற்றில் சில, பாதுகாப்பு அமைப்பின் காரணமாக அந்தத் தயாரிப்பாளரின் போர்டோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். வேறு போர்டில் எழும்பவே எழும்பாது. கடையிலேயே வேறொரு போர்டில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

லேப்டாப்பைப் பொறுத்தவரை பேச்சு சுருக்கம்: இன்று கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ப்ராசஸர் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது, மாற்ற முடியாது. எஸ்எஸ்டி, ராம், பேஸ்ட், ஃபேன் சுத்தம், அவ்வளவுதான்.

வேகம் அல்லாத காரணம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11-க்குப் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதியான டிபிஎம் 2.0-வும், பொதுவாக இன்டெலில் 8-ஆம் தலைமுறை அல்லது ரைசனில் 2000 வரிசை முதலும் வேண்டும். ரைசன் 5 1600 இந்தப் பட்டியலில் இல்லை. அதே போர்டில் 5600 போட்டால் பட்டியலுக்குள் வந்துவிடும். ஐ5-6500-க்கு அப்படி ஒரு வழியே இல்லை. அந்த போர்டில் அமரும் ஐ7-7700-கூட 7-ஆம் தலைமுறைதான். ஐ7-7700-க்கு இன்னும் நல்ல விலை கேட்கிறார்கள், நான்கு கோருக்கு மேல் அது தராது, விண்டோஸ் 11-க்கும் ஆகாது. அந்தக் காசைப் புதிய கணினிக்குச் சேர்த்து வைப்பதே அறிவு.

புதிய தளத்துக்குப் போவதென்றால் ப்ராசஸர், மதர்போர்டு, ராம் மூன்றும் மாறும். ஏஎம்டியின் ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ1851 இரண்டு சாக்கெட்டுகளுக்கும் டிடிஆர்5 வகை ராம் கட்டாயம். 2025-இன் இறுதி மாதங்களிலிருந்து ஏஐ தரவு மையங்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியதால் இந்த மூன்றில் ராமே பெரிய செலவாகிவிட்டது. ஏற்கெனவே 16 அல்லது 32 ஜிபி டிடிஆர்4 வைத்திருப்பவருக்கு அதைக் கைவிடாமல் இருப்பதன் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது. ஏஎம்4-ல் தொடரலாம், அல்லது டிடிஆர்4 ஏற்கும் எல்ஜிஏ1700 போர்டு ஒன்றைத் தேடலாம். கடையில் கட்டிக் கொடுத்த கணினியோடு வந்த விண்டோஸ் ஓஇஎம் உரிமம் போர்டோடு பிணைந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள். ப்ராசஸர் மட்டும் மாறினால் அது பொதுவாகத் தொடரும், போர்டு மாறினால் போய்விடும்.

மாற்றும் நாளில்

வரிசை தவறினால்தான் வம்பு. முதலில் பயாஸ். எம்எஸ்இன்ஃபோ32 என்று ரன் பெட்டியில் கொடுத்தால் போர்டின் பெயரும் இப்போதைய பயாஸ் பதிப்பும் வரும். போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் ப்ராசஸர் பட்டியலைத் திறந்து, வாங்கப் போகும் மாடலுக்கு நேரே எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஒரே பெயரில் ரெவிஷன் 1.0, 2.0 என்று இரண்டு போர்டுகள் இருக்கலாம், எண் போர்டின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸை ஏற்ற வேண்டும். புதியதைப் போட்டுவிட்டால் திரையே வராது, ப்ராசஸர் இயங்காமலே பயாஸை ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் இல்லாத போர்டில் திரும்பப் பழையதைத்தான் பொருத்த வேண்டியிருக்கும். ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் வைத்து, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றுங்கள். விண்டோஸுக்குள் ஓடும் நிரலால் வேண்டாம். யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம், நடுவில் மின்சாரம் போனால் போர்டு போனது போலத்தான்.

பயாஸை ஏற்றுவதற்கும் முன்பு டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதுங்கள். ரைசனில் டிபிஎம் ப்ராசஸருக்குள் இருக்கிறது, அதற்குப் பெயர் எஃப்டிபிஎம். ப்ராசஸர் மாறியதும் "புதிய சிபியு, எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் செய்யவா" என்ற கேள்வி கறுப்புத் திரையில் வரும். ஒய் அழுத்தினால் பழைய சாவிகள் அழியும், விண்டோஸ் அந்த 48 இலக்கங்களைக் கேட்கும். அவை இல்லாதவர் டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் இழக்கிறார். பிட்லாக்கரை முன்பே தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஏஎம்4-ல் கூலரைக் கழற்றுவதுதான் ஆபத்தான இடம். காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்துக்கொள்ளும். நேராகத் தூக்கினால் லிவர் பூட்டியிருந்தாலும் ப்ராசஸர் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூலரோடு வந்துவிடும், ஊசி வளையும். பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலையை ஓட்டிப் பேஸ்ட் இளகியதும் அணைத்து, வயரைப் பிடுங்கி, கூலரை இடதும் வலதுமாக மெதுவாகத் திருகுங்கள். வழுக்கிக் கொடுக்கும். அதன் பிறகே தூக்க வேண்டும். அப்படியும் ஒட்டி வந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், பல் இடுக்கு நூலை இடையில் விட்டு அறுங்கள்.

5600-உடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் நான்கு திருகுகளால் பின்தகட்டில் நேரடியாக இறங்கும். கொக்கி வகைக் கூலரிலிருந்து அதற்கு மாறுபவர்கள் போர்டில் உள்ள பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்தகடு மறுபக்கம் விழுந்துவிடும், கையால் பிடித்துக்கொள்ளுங்கள். 5700எக்ஸ், 3டி மாடல்களோடு கூலர் வராது, அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். புதிய ப்ராசஸரின் மூலையில் உள்ள முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர வேண்டும். தன் எடையிலேயே அது உள்ளே இறங்கும். அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ தவறு, நிறுத்திவிடுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதியது. நீள்சதுரமான எல்ஜிஏ1700-க்குச் சற்றுக் கூடுதலாகப் பெருக்கல் குறி வடிவில். திருகுகளை எதிரெதிர் மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

முதல் முறை திரை வர ஓரிரு நிமிடம் ஆகலாம், ஏஎம்5-ல் ராமைப் பழக்கப்படுத்த இன்னும் அதிகம். பதறி அணைக்க வேண்டாம். வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி, எஃப்டிபிஎம், விர்ச்சுவலைசேஷன் மூன்றையும் மீண்டும் இயக்குங்கள். பயாஸ் ஏற்றியதில் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும்.

கடைசியாக, மாற்றுவதற்கு முன்பு நேரம் குறித்து வைத்த அதே வேலையை அதே கோப்போடு ஓட்டிப் பாருங்கள். சினிபெஞ்ச் எண் ஏறி, வேலையின் நேரம் குறையவில்லை என்றால் ராமின் வேகத்தையும் சேனலையும் பாருங்கள். முதல் நிமிடம் வேகமாக ஓடிப் பிறகு தளர்ந்தால் கூலர் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது அல்லது போர்டின் மின்சுற்று கொதிக்கிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் ப்ராசஸரின் சூட்டையும், போர்டு காட்டுமானால் விஆர்எம் (போர்டின் மின்சுற்று) சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது முதலில் ஏறி நிற்கிறது என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.